நான்கு மாதத்துக்கு ஓர் அப்பா

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், ஆகி ஆறு வாரம். எலும்புப் பிரிவு. பிரிவுக்கு நான்கு மாதம் வீதம் ஆறு பிரிவு முடித்தால் முழு டாக்டராம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஆறில் ஒரு வைத்தியர். கணக்குப்படி முன்னூற்றுச் சொச்சம் பேர்தான்.

அந்த ஆறில் ஒன்றுக்கே வீட்டில் வரிசை நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை, பக்கத்து வீட்டுக் குமுதா ஆன்டி முழங்காலைக் காட்டினார். பிறகு அப்பா தோளை.

"ஸ்டியரிங்க திருப்ப முடியலம்மா. பந்திங்லேருந்து போர்ட் வரைக்கும் ஒத்தக் கையிலதான் ஓட்டுறேன்."

செம்பனை எண்ணெய் ஏற்றும் லோரி. ஒற்றைக் கை. கையைத் தூக்கச் சொன்னேன், காது வரை வரவில்லை. உறைந்த தோள் என்று பேராசிரியர் தோரணையில் அறிவித்தேன்.

"இது ஏன் வருது?"

"வயசாச்சுல்லப்பா." ஐம்பத்தாறு.

3 மார்ச்

தோள் பயிற்சி செய்கிறாரா என்று கேட்டேன். ஸ்டியரிங் திருப்புவதே பயிற்சிதானே என்கிறார்.

16 ஜூன், ஞாயிறு

இப்போது அறுவைப் பிரிவு. எலும்பெல்லாம் மறந்துவிட்டது. யாராவது முழங்காலைக் காட்டினால் அவர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறேன்.

அம்மா சமையலறைக்குள் இழுத்துப்போய் ரகசியமாகச் சொன்னார்: "உங்கப்பா ராத்திரிக்கு அஞ்சு தடவ எழுந்து போறாருடி. பாத்ரூம்ல எறும்பு வேற."

முதல் பாதி என் பிரிவு. ஐம்பதைத் தாண்டிய ஆண், அடிக்கடி சிறுநீர் — புரோஸ்டேட். வார்டில் நேற்றுதான் மூன்று பேரைப் பார்த்தேன். இரண்டாவது பாதி என் பிரிவில்லை. எறும்புக்கு ஸ்ப்ரே அடிக்கச் சொன்னேன்.

அப்பாவிடம், ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள் என்றேன்.

"தாகமா இருக்கேம்மா, என்னா செய்ய?"

மனக்கட்டுப்பாடு வேண்டும் என்றேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படியெல்லாம் பேசுகிறேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

மனநலப் பிரிவு. உலகத்தில் யாருமே சந்தோஷமாக இல்லை என்று மூன்றே வாரத்தில் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்பா இளைத்திருக்கிறார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். பேச்சில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மனச்சோர்வு. மூன்று தட்டுச் சோறு சாப்பிடுகிறாரே என்று ஒரு கணம் இடித்தது. மனச்சோர்வில் பசி குறையும் என்கிறது புத்தகம். சிலருக்குக் கூடவும் கூடும் என்கிறது அடுத்த வரி. புத்தகம் எப்போதும் நம் பக்கம்தான்.

"மனசு விட்டுப் பேசுங்கப்பா" என்றேன். முதலாளி டயர் மாற்றித் தராததைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நான் தூங்கிவிட்டேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

குமுதா ஆன்டிக்கு அவர் மகன் சுகர் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். புதுச் சாமான். தெருவில் அகப்பட்டவர் விரலையெல்லாம் குத்திக்கொண்டு வந்தார். நான் குழந்தைகள் பிரிவுக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

26.4.

"மெஷின் கோளாறா இருக்கும் லா" என்று ஆன்டியே இன்னொரு விரலைக் குத்தினார். 26.1. ஆறு இருந்தால் போதும் என்கிற இடத்தில்.

"எறும்பு வருதுன்னு உங்கம்மா அப்பவே சொன்னாங்களே. நீ பாக்கலியா மலரு?"

பதினேழு வயதில் பாரம் ஐந்தோடு பள்ளியை விட்டு, கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் போடுகிறவர் கேட்கிறார்.

அப்பாவைக் காலுறையைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்றார். கழற்றுங்க என்று கத்திவிட்டேன். வலது பெருவிரலுக்கு அடியில் ஓட்டை. கறுத்து, வாடையோடு. பூட்ஸ் கடித்து மூன்று வாரமாம்.

"வலிக்கலம்மா. அதான் சொல்லல."

வலிக்காது. வலி தெரியிற நரம்புதான் செத்துப் போச்சே! நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? ஒரு சொட்டு ரத்தம். வார்டுல ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குக் குத்துறேனே — எங்கப்பா ஒருத்தருக்குக் குத்தல.

20 ஜனவரி

தோள், தாகம், சிறுநீர், மெலிவு, புண். ஒரே வியாதி. எல்லாப் பிரிவுப் புத்தகத்திலும் முதல் சில வரிகளுக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படித்தேன், பாஸும் செய்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் அப்பா ஒன்றுதான் கேட்டார்: "பிரேக் மிதிக்க முடியுமா டாக்டர்?" லோரியை இப்போதைக்கு மறந்துவிடச் சொன்னார் டாக்டர்.

12 பிப்ரவரி, புதன்

லீவு போட்டு அப்பாவைக் கட்டு மாற்ற அழைத்துப்போனேன். கிள்ளான் மருத்துவமனையில் என்னை யாருக்கும் தெரியாது. பழைய டி-சட்டை, கையில் வரிசை எண். புண்ணைப் பார்க்க ஒரு ஹவுஸ்மேன் வந்தான். எலும்புப் பிரிவுக்கு வந்து இரண்டு வாரம்கூட இருக்காது. அந்த நடையிலேயே தெரிந்தது.

"இவ்ளோ முத்துற வரைக்கும் ஒருத்தரும் சுகர் பாக்கலியா அங்கிள்? ஃபேமிலில மெடிக்கல் லைன்ல யாரும் இல்லியா?"

எண்ணெய் நிலையத்தில், டோலில், எடை மேடையில், கேட்காத ஆளிடமெல்லாம் "என் மக டாக்டரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் இல்ல டாக்டர். நாங்க லோரிக்காரவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?"

அவன் அதை எழுதிக்கொண்டான். நான் திருத்தவில்லை.