இரண்டு கையெழுத்துக் கணக்கு

இன்று காலை திருச்சுழி வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பி, உன் கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண், "ஐயா, இனி உங்க கையெழுத்து ஒண்ணே போதும்" என்றாள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கணக்கை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஆனாலும் கை பழக்கத்தில் இடம் விட்டுவிட்டது.

அந்தக் கணக்கே என் முட்டாள்தனத்தில் பிறந்ததுதானே. கணக்குத் தொடங்கும் படிவத்தில், இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்ற கட்டத்தில் குறி போட்டேன். பத்தாவது வரை படித்தவன் என்ற மிதப்பு. மாற்றிக் கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னபோது நீ அவசர அவசரமாக, "இருக்கட்டுங்க சார்" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்னும் யோசிக்கிறேன். அதுவரை பருத்திக் காசு என் சட்டைப்பையில் இருந்தது. நீ ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்தது எங்கே இருந்தது என்பதைக் கடைசி வரை நீ சொல்லவே இல்லை.

பிறகு ஐந்நூறு ரூபாய் வேண்டுமென்றாலும் பரளச்சியிலிருந்து இரண்டு பேரும் பஸ் ஏற வேண்டியதாயிற்று. வீட்டில் காசுப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும். பஸ்ஸிலோ பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழுமே என்று மெதுவாகப் பேசினோம். "இப்ப எதுக்கு அம்புட்டு?" என்பாய். உரத்துக்கு என்பேன். "மொதல்ல மழை பேயட்டும்." திருச்சுழி வருவதற்குள் தொகை பாதியாகிவிடும். சில நாள் பணமே எடுக்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நாலு வருஷச் சேமிப்பு சேர்ந்ததும் எனக்குப் புஞ்சையில் தண்ணீருக்குப் போர் போடும் ஆசை வந்தது. நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். நம் புஞ்சையில், அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது. எனக்குப் புல்லரித்தது. நீ மட்டும், "பக்கத்துப் புஞ்சையில தண்ணி வராத போர் ஒண்ணு கெடக்குல்ல, அங்கயும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றாய். அங்கும் நின்றது. அவருக்கு உன்மேல் கோபம், எனக்கு அதைவிடக் கோபம்.

மூன்று முறை வங்கி வரை வந்து, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாய். நான் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். நாலாவது முறை ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டாய்.

போர் லாரி ஒரு பகல் முழுக்கக் குடைந்தது. வெள்ளைப் புழுதிதான் வந்தது. நாலு வருஷக் காசும் போயிற்று. லாரி கிளம்பிய பிறகு, முகமெல்லாம் புழுதியோடு, "வராதுன்னு தெரிஞ்சே ஏன் கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டேன்.

"போடலைன்னா, அங்கன தண்ணி இருந்துச்சுன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டே இருப்பீக. அதுக்கு இது தேவல."

அன்று வெட்கமாக இருந்தது. உன்மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து சேர்த்தோம். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்ததெல்லாம் அதில்தான். கேள்வி கேட்கிற உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது எதை வாங்கப் போனாலும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதிலும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன். பயமாக இருக்கிறது.