மேற்குச் சுவருக்கு வைத்த சிமெண்ட்

10 ஜனவரி 1955
மறுபடி உறைபனி. மேற்குச் சுவரடியில் உதிர்ந்த செங்கல் சில்லுகளை இரண்டு கூடை பொறுக்கினேன். நானூறு வருடச் சுவர். கருஞ்செங்கல்லால் போட்ட சாய்சதுரங்களில் பாதியைக் காணோம். கற்களுக்கு நடுவே சிமெண்ட் மட்டும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது.

14 ஜனவரி
தம்பி காட்ஃப்ரி லண்டனிலிருந்து வந்தான். வீடு அவன் பெயரில், குடியிருப்பவள் நான். தேநீர் ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். "வீட்டை இடிச்சிடலாம், மேரியன். எல்லாம் அந்தக் கொத்தன் லார்ட்டர் பண்ணின வேலை. சிமெண்டை அப்பியே கொன்னுட்டான்." நான் கேக் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

15 ஜனவரி
1934-இல் மேற்குச் சுவரின் செங்கல் இடுக்குகளைப் புதிதாகப் பூச வந்தபோது ஜேபஸ் லார்ட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வேணாம் மிஸ். இது பழைய செங்கல்லு, மெத்துன்னு இருக்கும். சுண்ணாம்புன்னா ஈரம் அது வழியாப் போயிரும். சிமெண்டுன்னா தண்ணி கல்லுக்குள்ளயே நிக்கும், பனியில வெடிச்சிரும்."
"சொன்னதைச் செய்" என்றது நான். சுவர் இன்னும் நானூறு வருடம் நிற்கவேண்டும் என்று ஆசை. இருபத்தொரு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? அகம்பாவம்தான், வேறென்ன.

2 பிப்ரவரி
கட்டட நிபுணர் வந்தார், கூடவே காட்ஃப்ரியும். சுவர் தேறும் என்று அவர் எழுதினால் வீடு பிழைக்கும். ஏணி பிடிக்க ஜேபஸ்.
"யார் சொல்லி சிமெண்ட் வெச்சீங்க?"
ஜேபஸ் என் பக்கம் திரும்பவேயில்லை. "நானாத்தாங்க வெச்சேன். அப்ப அதுதான் புதுசு."
"நான் அப்பவே சொல்லல?" என்றான் காட்ஃப்ரி.
நான் — நான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சீ, என்ன பொம்பளை நான்!

9 பிப்ரவரி
அறிக்கை வந்தது. தேறாதாம்.

20 பிப்ரவரி
ஜேபஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மிஸ். பூசினது என் கைதானே." கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

18 ஏப்ரல்
மேற்குச் சுவரை இறக்குகிறார்கள். மேஸ்திரி காலையிலிருந்து திட்டித் தீர்க்கிறார். "சுண்ணாம்பா இருந்தா தட்டினதும் கல்லு முழுசா கழண்டிருக்கும், இன்னொரு வீட்டுக்கு ஆகும். வெளிக்கல்லு ஒண்ணுகூட உருப்படியா வரல. மொத்தமும் உடைச்சு ரோட்டுக்குக் கொட்டத்தான். எந்த மடையன் வெச்சான் இதை?"
"நான்தான்" என்றேன்.
சிரித்துவிட்டார். "நல்லாத் தமாஷ் பண்றீங்க மேடம். தூசு வருது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."
தள்ளி நின்றேன்.