ஈரத்தலையின் காரணம்

உங்களுக்கு,

ஆண்கள் வார்டுக்குள் என்னை விடவில்லை. நம் பிள்ளையிடம் சொல்லியனுப்பக் கூசுகிறது, அதனால் எழுதுகிறேன்.

ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீரை அடைத்துவிட்டதாமே! ட்யூப் போட்டதும் பை நிரம்பிப்போனதாம். "இன்னாம்மா, இத்தினி மாசமா அடிக்கடி பாத்ரூம் போய்க்கினு இருந்திருப்பாரே, தெரியாதா?" என்று நர்ஸ் கேட்டாள். அப்போதுதான் உங்கள் ஈரத்தலையின் காரணம் புரிந்தது.

கோவில் அர்ச்சகராச்சே, ஒன்றுக்குப் போய்வந்தால் தீர்த்தமாடாமல் பெருமாள் சன்னதிக்குள் நுழையமாட்டீர்கள். நாளெல்லாம் ஈரத்தலையோடு நின்றீர்கள். "எங்காத்துக்காரருக்கு என்ன ஆசாரம்!" என்று திருவள்ளூர் முழுக்கப் பெருமை பேசினேனே! அப்புறம் அத்தனை தடவை குளிக்க முடியாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறீர்கள். நான் விரதமென்று நினைத்தேன்.

எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

டாக்டர் குடிக்கச் சொன்ன தண்ணீரைக் கூஜாவில் அனுப்பியிருக்கிறேன். அது காலியாகத் திரும்பி வராவிட்டால், எந்த ஆசாரமும் பார்க்காமல் வார்டுக்குள் நுழைந்துவிடுவேன்.

காலிக் கூஜாவுக்குக் காத்திருக்கும்,
உங்கள் ஆத்துக்காரி