தோளில் வைத்த கை

சேசு மரி சூசை

தூத்துக்குடி
15-1-1977

என் கிளிப்பிள்ளைக்கு அம்மா எழுதுறது. நாங்க இங்கன உசுரோட இருக்கோம், அதுக்கு மேல சுகம்னு எழுத கை வரலை. நீயாவது அந்தக் குளிருல நல்லா இருக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்த உன் கடுதாசியை எழுத்துக் கூட்டி மூணு தரம் வாசிச்சேன். வலையில ஏறினா ஊதா மை கக்குமே, சீன்னு காலால தள்ளுவோமே, ஓடில்லாத நத்தை மாதிரி அந்தக் கடல் பூச்சியை வச்சா அமெரிக்காவுல ஞாபகத்தைப் பத்திப் படிக்கீங்கன்னு சிரிப்பு வந்துச்சு. உன் தம்பி இருந்தா, இதுக்கா அக்கா பிளேன் ஏறினா, கேட்டிருந்தா ஒரு கடகம் நிறைய அனுப்பிருப்பேனேன்னு சொல்லியிருப்பான். அதை நினைச்சதும் சிரிப்பு போயிருச்சு.

அப்பாவும் தம்பி இஞ்ஞாசியும் போன வள்ளம் கவிழ்ந்து வார மாசியோட வருசம் ஒண்ணாகுது. அவனைப் பிணமாத்தான் கொண்டுவந்தாங்க, அப்பா மூச்சில்லாம கிடந்து பிழைச்சாவ. மூளைக்குக் காத்துப் போகாம இருந்ததால பழசு எல்லாம் இருக்கும், புதுசு எதுவும் ஒட்டாதுன்னு டாக்டர் கிருபாநிதி சொன்னதை அப்பவே எழுதினேன். எழுதாதது ஒண்ணு இருக்கு. காலையில எந்திரிச்சதும் அப்பா, ஏளா இஞ்ஞாசி எங்கன்னு கேப்பாவ. நான் பக்கத்துல உக்காந்து தோள்ல கையை வச்சு, அவன் போயிட்டான்னு சொல்லுவேன். அப்பதான் முதல்ல கேக்குத மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவாவ. காப்பி ஆறுததுக்குள்ள அது மறந்துபோகும், மத்தியானம் திரும்பக் கேப்பாவ. பொய் சொல்லக்கூடாதுன்னு மாசக்கணக்கா இதைச் செஞ்சேன் கிளி. கார்த்திகையில ஒரு நாள் மாத்திரை கொடுக்கத் தோளைத் தொட்டேன். அப்படியே ஒடுங்கி முகத்தைத் திருப்பிக்கிட்டு, "ஒண்ணும் சொல்லாத ஏளா"ன்னாவ. எதைச் சொல்லக்கூடாதுன்னு கேட்டா தெரியலைங்காவ, கண்ணு மட்டும் நிறைஞ்சு நிக்குது. புதுசு ஒட்டாதுன்னாரே டாக்டர், இது மட்டும் எங்கன போய் ஒட்டுச்சுன்னு எனக்கு விளங்கலை.

உன் கடுதாசிதான் விளங்க வச்சுது. சும்மா தண்ணி பீச்சினா அந்தப் பூச்சி பத்து தரத்துல பழகி, சுருங்காம இருந்துரும், வால்ல நாலு நாள் விடாம கரண்டு வச்சிட்டா பிறகு லேசாத் தொட்டாலும் சுருங்கும், ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஊறுத சாறு அதுல குறையுது, இதுல கூடுதுன்னு எழுதியிருந்த. அப்பாவுக்குக் கரண்டு நான்தான்னு புரிஞ்சுபோச்சு. அந்தப் பயம் மூணு வாரம் போல நிக்கும்னும் எழுதியிருந்தியா, அதைப் பிடிச்சுக்கிட்டேன். கடுதாசி வந்த அன்னையில இருந்து அப்பாவைத் தொடலை. குளிப்பாட்ட உன் சித்தப்பா வாராவ. மாத்திரையைத் தட்டுல வச்சு நகத்துவேன். இஞ்ஞாசி எங்கன்னு கேட்டா, தருவைகுளத்துக்கு வலை வாங்கப் போயிருக்கான்னு சொல்லுவேன். இந்தப் பொய்யைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், அவரு ஆசீர்வாதம் கொடுத்தாரு. சாப்பிட உக்காந்தா, பயலுக்கு மீன் தலையை எடுத்து வைன்னு அப்பா தினமும் சொல்லுவாவ. எடுத்து வைப்பேன், சாயங்காலம் பூனைக்குப் போடுவேன்.

நேத்தோட இருபத்தோரு நாள். மாதாவேன்னு தோள்ல கையை வச்சேன். அப்பா சுருங்கலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இம்புட்டு நாளா எங்க போயிருந்த ஏளான்னு கேட்டாவ. நான் அடுப்படியில போய் அழுதுட்டு வந்து சோறு வச்சேன். சாப்பிட்டாவ. மீன் தலையையும் அவங்களே எடுத்துத் தின்னாவ. இஞ்ஞாசி எங்கன்னு நேத்தும் கேக்கலை, இன்னைக்கும் கேக்கலை.

மாசியில வருசப் பூசை வச்சிருக்கு, அப்பாவைக் கூட்டிப்போகவான்னு சித்தப்பா கேக்காவ, எனக்குத் தெரியலை. நீ அங்க ஒரு கோயில்ல தம்பிக்கு மெழுகுவர்த்தி கொளுத்து. கம்பளிச் சட்டை இல்லாம வெளியே போகாத, வேலை மும்முரத்துல பட்டினி கிடக்காத. தாய்மாதா தன் முந்தானைக்குள்ள உன்னை வச்சுக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பிரகாசியம்மாள்

கிளி, என் கையைக் கண்ட பயம் அப்பாவுக்குப் போயிருச்சு. போகும்போது அது நம்ம பிள்ளையையும் கூட்டிக்கிட்டா போச்சு?