தெரு நடுவில் நின்ற உன் நைனா

செஞ்சி
6-9-1964

அன்பு மகள் சாரதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் நலம், தண்ணீர் சுமந்து சுமந்து என் இடுப்பு ஒன்றுதான் நலமில்லை. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, மழையில் நனைந்துகொண்டு கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதே, குடை எடுத்துப் போ. உன்னைப் பார்க்க வரலாமென்றால் காசு எங்கே என்று சீறுவாரே உன் நைனா, அவரைப் பற்றியும் இதில் ஒரு சேதி இருக்கிறது, பொறுமையாகப் படி.

நம் தெருவுக்குக் குழாய் போடப்போகிறார்கள், வீட்டு வருமானம் மாதம் நூறு ரூபாய்க்குக் கீழே இருக்கும் தெருவுக்கு இனாம், மேலே போனால் வீட்டுக்கு எண்பது ரூபாய் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பஞ்சாயத்துக் கிளார்க்கு தம்பி வீடு வீடாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போய், பதினொரு வீட்டையும் கூட்டி வகுத்து, வீட்டுக்கு இருநூற்றுப் பதின்மூன்று ரூபாய் வருகிறது என்று போர்டில் ஒட்டிவிட்டார். அன்று சாயங்காலம் நம் தெருவில் எந்த ஆண்பிள்ளைக்கும் சோறு கிடைக்கவில்லை. பின்னே, அரசாங்கமே எழுதி ஒட்டியிருக்கிறதே! கடையில் எழுபது ரூபாய்தான் நிற்கிறது என்று சொல்லித்தானே உன் நைனா என் கையில் கொடுக்கிறார், மீதி நூற்று நாற்பத்து மூன்று எங்கே? பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் புருஷனை வாசலிலேயே மறித்து, "மீதி துட்டு எவ வூட்டுக்குப் போவுது?" என்று கேட்டுவிட்டாள். துணி தைத்தே முதுகு வளைந்த மனுஷன், அழுதேவிட்டார். நான் மூன்று நாள் உன் நைனாவுக்குக் கேழ்வரகுக் கூழ்தான் ஊற்றினேன், ஊறுகாய்கூட வைக்கவில்லை.

போர்டுக் கணக்கையும் அரிசி மில் வருமானத்தையும் எழுதி உன்னைக் கேட்டிருந்தேனே, அப்புறம்தான் அதற்கு உன் கடிதம் வந்தது. அரிசி மில் கோதண்டராமன் ஒருவருக்கே ஆயிரத்து ஐந்நூறு வருகிறது, அதை மற்ற பத்துப் பேருக்கும் காகிதத்தில் பங்குபோட்டதுதான் சராசரி, கையில் யாருக்கும் ஒரு பைசா வராது, அதனால் குறைந்ததிலிருந்து கூடினதுவரை வரிசையாக வைத்து நட்டநடுவில் இருக்கிற வீட்டைப் பார்க்கச் சொல், மில்காரருக்குப் பதினைந்து லட்சமே வந்தாலும் நடுவீடு மாறாது என்று எழுதியிருந்தாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே உளுந்து வடை சுட்டுக் கொடுத்தேன், உன் நைனா தலை நிமிராமல் பதினொன்று தின்றார்.

நீ தாளில் எழுதி வரிசைப்படுத்தச் சொன்னாயோ என்னவோ, எனக்கு அது தோன்றவே இல்லை, நானும் பவுனம்மாளும் ஆட்களையே தெருவில் நிறுத்திவிட்டோம். கல்யாணப் பேச்சு என்றால் ஆயிரக்கணக்கில் அளக்கிறவர்கள் எல்லாம் அன்றைக்கு ஏழை முனையில் நிற்க அடித்துக்கொண்டார்கள், எதிர்வீட்டுத் தேவநாதன் கிழிந்த சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். கோதண்டராமன் முறைக்காமல் கடைசியில் நின்றார், அவர் வீட்டுக்கும் தண்ணீர் வேண்டுமே. சந்தைக்கு வந்த தொண்டூர்க்காரர் இரண்டு பேர் ரேஷன் சர்க்கரை போடுகிறார்கள் என்று நினைத்து அவருக்குப் பின்னால் பையோடு நின்றுகொண்டார்கள், நடு ஆளே ஓர் இடம் தள்ளிப் போய்விட்டார். "இன்னா தர்றாங்க?" என்றார் ஒருவர். தண்ணீர் என்றேன், போய்விட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நடுவீட்டுக் கணக்கையே எழுதிக்கொள்ளச் சம்மதித்த கிளார்க்கு தம்பி, நோட்டைப் பார்த்து ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினார். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் யார் என்கிறாய், உன் நைனா! எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பந்தம், மளிகைக்கடை, மாதம் தொண்ணூற்று ஐந்து ரூபாய் என்று கிளார்க்கு தம்பி உரக்கப் படித்தார். நூற்றுக்குக் கீழே, குழாய் இனாம், தெருவே கை தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. என்னிடம் எழுபது, நோட்டில் தொண்ணூற்று ஐந்தா? அரசாங்கத்திடம் பொய் சொல்ல மட்டும் பயம், என்னிடம் சொல்லப் பயமில்லை!

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்தபடி கடைக்குள் போய், வெல்லத் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நீ நாக்பூர் போன மாதத்திலிருந்து மாதம் இருபத்தைந்து, பதினான்கு மாதக் காசு. "உங்கிட்ட சொன்னா பவுனம்மாளுக்குக் கைமாத்து குடுத்துடுவ, அப்பறம் புள்ளய எப்பப் போயி பாக்கறது?" என்றார். மூன்று நாள் கூழைக் குடித்துக்கொண்டு இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார் பார். எனக்கு அழுகை வந்துவிட்டது சாரதா, திரும்பவும் வடைக்கு உளுந்து ஊறப்போட்டேன்.

குழாய்க்குக் கையெழுத்தாகிவிட்டது, ஐப்பசியில் வருமாம். அது வருகிறதோ இல்லையோ, சரஸ்வதி பூஜை லீவில் நாங்கள் வருகிறோம். திண்டிவனம் போய் ரயிலேறி, மெட்ராசில் மாறி வருவோம். நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு வர மறந்துவிடாதே. எந்தப் பெட்டி என்று அலையவும் வேண்டாம். அன்றைக்கு நின்றதிலிருந்து உன் நைனாவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரே பாசம், நட்டநடுப் பெட்டியில்தான் ஏறுவேன் என்கிறார். இரண்டு முனையிலிருந்தும் எண்ணிக்கொண்டு வா, நடுவில் இருப்போம்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
மனோரமா