பால் கேனோடு மேடேறிய ஸ்கூட்டர்

வட்டவளை,
ஞாயிறு

அன்பு மகள் ஜெரோமிக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நலம், இங்கே மழைக்கும் குறைவில்லை. மிலானில் நீயும் குளிரைச் சமாளித்து நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தைலம் தேய்க்கத்தான் மறந்துவிடுகிறார். முக்கியமான செய்தி, நாம் ஜெயித்துவிட்டோம் மகள். உன்னோடு படித்த, தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுச் சண்முகவடிவு, பால் காசில் பாதி கேனை மேடேற்றும் கந்தப்பனின் ஆட்டோக் கூலிக்கே போகிறது, இனி ஒரு மாட்டை விற்க வேண்டியதுதான் என்று அழுததை எழுதியிருந்தேன் அல்லவா. பால் சங்கம் மின்சார ஸ்கூட்டருக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு மானியம் தருகிறது, ஆனால் முழு விலையையும் கட்டி ரசீது காட்டிய பிறகுதான் அது கைக்கு வரும். முழு விலையும் கையில் இருந்தால் அவளுக்கு மானியம் எதற்கு? போன வருஷம் வாங்கிய ஆறு பேரும் ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள், அவர்களில் லயத்து ஆள் ஒருவர்கூட இல்லை. நீ உடனே பணம் அனுப்புகிறேன் என்றாய், நான்தான் பொறு என்றேன். உன் பணத்தில் ஒரு வண்டி வரும், விதி மாறினால் லயத்துக்கே வரும்.

போன மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, தலைவர் பைஸரிடம் ஒரு உதாரணம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சப்பாத்துச் சீட்டு கொடுக்கும்போது, புதுச் சப்பாத்து போட்டு வருகிற பிள்ளைக்குத்தான் சீட்டு என்று நான் சொல்லியிருந்தால், வெறுங்காலோடு வந்த பிள்ளை என்ன செய்திருக்கும் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பைஸரும் என்னிடம் படித்தவர்தானே, "டீச்சர், இன்னமும் என்னைய பெஞ்சு மேல ஏத்துறத நீங்க விடலையே" என்றார். ஆனாலும் அன்றைக்கே முடிவானது. முழு விலையையும் சங்கமே நேராகக் கடைக்குக் கட்டும், மானியம் போக மிச்சத்தை மாதாமாதம் பால் காசில் கழித்துக்கொள்ளும்.

நேற்று சண்முகவடிவின் வண்டி வந்தது. பாதி மேட்டில் வண்டி நின்றுபோய் என்னைத்தான் கூப்பிடுவாய், அப்போது கூலி இரண்டு மடங்கு என்று கந்தப்பன் கேலி செய்தான். லயமே வாசலில் நின்று பார்க்க, அவள் இரண்டு கேனோடு சத்தமே இல்லாமல் ஏறி, மேலே மாதா கெபியருகே திரும்பி நின்று, "அண்ணே, மேல வாறீங்களா, கூலி வாங்காம ஏத்திக்கிறேன்" என்றாள். மாடு இரண்டும் தொழுவத்திலேயே இருக்கின்றன. இன்று காலை வரை ஒன்பது பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன், கடைசியாக வந்து தலையைச் சொறிந்தது கந்தப்பன். மூணு சக்கரத்துக்கும் மானியம் உண்டா என்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பார். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. சண்முகவடிவுக்கென்று நீ ஒதுக்கிய பணத்தில் உனக்கு நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள், நான் ரசீது கேட்க மாட்டேன்.

உன்னை எண்ணி மகிழும் அம்மா,
தெரேசா