விசில் கேட்காத காது

ஜத்மிகோவுக்கு,

அன்றைக்குக் கேட் இல்லாத ரயில்வே கிராசிங்கில் இருந்தது மூன்று பேர்: பைக் ஓட்டிய நீ, பின்னால் நான், கூலியில்லாமல் விசில் ஊதி வண்டிகளை நிறுத்தும் பர்மான். உன் காதில் ஹெட்போன். விசில் கேட்காமல் தண்டவாளத்தில் ஏறினாய். பர்மான் பாய்ந்து நம்மைத் தள்ளிவிட்டார்; ரயில் அவருடைய ஒரு காலை எடுத்துக்கொண்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கேட்டேன், "ஹெட்போனைப் போட்டு ஓட்டினா குத்தமா தம்பி?"

"சட்டத்துல அதைத் தனியா சொல்லல பாட்டி. கவனம் சிதறினாத்தான் குத்தம்."

ஊரைவிட்டுப் போனபோது நீ விட்டுப்போன ஹெட்போனை நேற்று நானே மாட்டிப் பார்த்தேன். வாசலில் பர்மான் கூப்பிட்டது கேட்கவேயில்லை. ஊன்றுகோலால் தோளைத் தட்டி, "என்ன கெழவி, நீயும் செவிடாயிட்டியா?" என்று சிரித்தார்.

அப்படி என்னதான்டா கேட்டுக்கொண்டிருந்தாய்?

பர்மான் உன்னை மன்னித்துவிட்டாராம். அவரை ஒருமுறைகூட வந்து பார்க்காத உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் பாட்டி